முதற் பனிப்பலகையைத் தேர்தல்: ஒரு வினாவும் அதன் விடைகளும்

ஆண்டு முழுவதும் தம் தொழிலையும் குடும்பத்தையும் கவனித்துவிட்டு, குளிர்காலத்தில் சில நாட்களை மட்டும் பனிமலைக்கு ஒதுக்கக்கூடிய ஒரு சாதாரண மனிதர், தமக்கென்று முதன்முறையாக ஒரு ஸ்னோபோர்டும் அதற்கு வேண்டிய உபகரணங்களும் வாங்க எண்ணுவாராயின், எதை முன்னிறுத்தி எதைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்னும் வினா, பல பத்தாண்டுகளாகவே கேட்கப்பட்டு வருவதாகும். விடைகளுக்கும் குறைவில்லை. பலகை செய்யும் நிறுவனங்கள் ஒன்றைச் சொல்லின. கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் வேறொன்றைச் சொன்னார்கள். மலையடிவாரத்தில் எலும்பு முறிவுகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களோ முற்றிலும் வேறான திசையைச் சுட்டினார்கள். கனடாவிலும் நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இப்பனிச்சரிவுகள் இப்போது அயலானவை அல்ல. ஆதலால் இவ்விடைகளைத் தமிழில் ஒருமுறை நிரல்படுத்தி, ஒவ்வொன்றும் எந்தச் சூழலில் பிறந்தது, எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று எடைபோட்டுப் பார்ப்பது பயனுள்ள காரியமே. இக்கட்டுரையின் அபிப்பிராயத்தை இப்போதே கூறிவிடலாம்: பலகையின் வடிவத்தைப் பற்றி எழுந்த விவாதம் பெரிது, அதற்குக் காட்டப்படும் பிரமாணம் சிறிது, காலணியையும் உடற்காப்பையும் பற்றிய பிரமாணம் வலியதாயிருந்தும், அவற்றைப் பற்றிய பேச்சே குறைவு.

தேர்வு என்பதே இல்லாதிருந்த காலம்

1965-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில், ஷெர்மன் பாப்பென் என்பவர் தம் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ கட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். அவர் மனைவி அதற்கு ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயரிட, பிரன்ஸ்விக் நிறுவனம் உரிமம் பெற்று அதைப் பெருவாரியாகச் செய்து விற்கத் தொடங்கியது. பாதத்தைப் பிணைக்கும் கருவி அதில் இல்லை; முனையில் ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது; அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அன்றாடம் அணியும் குளிர்காலப் பூட்ஸோடு நின்றவாறே சறுக்கினார்கள். எதை வாங்குவது என்ற கேள்விக்கு அப்போது இடமே இருக்கவில்லை.

கேள்வி பிறந்தது 1970-களில்தான். யூட்டாவில் டிமிட்ரி மிலோவிச் ஆழ்ந்த மென்பனிக்கென ‘வின்டர்ஸ்டிக்’ பலகைகளைச் செய்தார். பள்ளி மாணவராய் இருந்தபோதே பனியில் செல்லும் பலகையொன்றை ஆக்கியிருந்த டாம் சிம்ஸ், அத்தொழிலையே பிற்பாடு மேற்கொண்டார். 1977-இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் தம் பெயரால் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, பாதத்தைப் பலகையோடு கட்டும் பிணைப்புகளைத் தம் பலகைகளில் சேர்த்தார். ஆயினும் தேர்வை உண்மையிலேயே சிக்கலாக்கியது, மலைகளின் உரிமையாளர்கள் எடுத்த ஒரு முடிவு எனலாம். 1983-இல் வெர்மான்டின் ஸ்ட்ராட்டன் மலை தன் இழுவை ஏற்றங்களை ஸ்னோபோர்டுக்காரர்களுக்குத் திறந்துவிட்டதும், ஒன்றன்பின் ஒன்றாகப் பிற மலைகளும் அவ்வாறே செய்யலாயின. மென்பனியில் மிதந்து பழகிய பலகை, இயந்திரங்கள் அழுத்திச் சமன்செய்த கடினமான சரிவுகளுக்கு வந்தபோது, அதற்கு எஃகு விளிம்பும், உறுதியான பிணைப்பும், கணுக்காலைத் தாங்கும் பூட்ஸும் இன்றியமையாதவை ஆயின. 1998-இல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றபோது, பந்தயம், வித்தை, மென்பனி எனத் துறைகள் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பலகை விற்கும் நிலை ஏற்பட்டிருந்தது. யூட்டாவின் ஆல்ட்டா, டீர் வேலி, வெர்மான்டின் மேட் ரிவர் கிளென் போன்ற சில இடங்களில் மட்டுமே பழைய தடை நீடித்தது.

நீளம்: உயரமா, எடையா?

முதன்முதலில் பரவிய விதி மிக எளிது: பலகையை நிமிர்த்தி நிறுத்தினால் அதன் முனை, ஏறுபவரின் மோவாய்க்கும் மூக்குக்கும் இடையே வரவேண்டும். கடைக்காரர் கண்ணால் பார்த்தே முடிவுசெய்யத்தக்க இவ்விதி, வாடகைக் கடைகளில் இன்றும் பெருவழக்காக உள்ளது. இதன் குறையும் வெளிப்படையானதே. மரத்தையும் கண்ணாடி இழையையும் அடுக்கி அழுத்திச் செய்யப்படும் பலகை, தன்மேல் நிற்பவரின் பாரத்துக்கு ஏற்பவே வளைகிறது. அவர் எவ்வளவு உயரம் என்பது அதற்குத் தெரியாது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள இருவரில் ஒருவர் 55 கிலோவும் மற்றவர் 90 கிலோவும் இருப்பாரானால், மோவாய் விதி இருவருக்கும் ஒரே பலகையைத் தரும். முன்னவரால் அதை வளைத்துத் திருப்ப இயலாது, பின்னவருக்கோ அது வேகத்தில் நடுங்கும். ஆகவே தயாரிப்பாளர்கள் எடையை அடிப்படையாகக் கொண்ட அட்டவணைகளை வெளியிடலாயினர். இன்று பொதுவாக ஏற்கப்படும் நிலைப்பாடு அதுவே.

எடை விதியும் முழுமையானதன்று. ஒரு நிறுவனத்தின் அட்டவணையிலேயே அடுத்தடுத்த நீளங்களுக்குரிய எடை எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எனவே ஒருவருக்கு இரண்டு மூன்று நீளங்கள் பொருந்துவதாகவே அமையும். கற்பவர் அவற்றுள் குறுகியதை எடுக்கவேண்டுமென்பது பெரும்பாலான ஆசிரியர்களின் கருத்து. குறுகிய பலகை எளிதில் திரும்பும் என்பதே காரணம். அண்மை ஆண்டுகளில் வேறொரு பட்சமும் தலையெடுத்தது. நீளத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டினால் பனியைத் தொடும் பரப்பு ஏறக்குறைய அதே அளவில் நிற்கும் என்று கூறி, சில நிறுவனங்கள் குட்டையும் அகலமுமான பலகைகளை விற்கின்றன. இவை மென்பனியில் மிதப்பதற்கு நல்லவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அகலம் கூடக்கூட ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறுவதில் தாமதம் ஏற்படுமாதலால், கற்பவருக்கு உகந்தவைதாமா என்பது கேள்விக்குரியது.

அகலத்தைப் பற்றிய விதி மட்டும் கருத்து வேற்றுமைக்கு அப்பாற்பட்டது. பூட்ஸின் நுனியும் குதிகாலும் பலகையின் விளிம்பைச் சற்றே தாண்டி நிற்கலாம். மிகத் தாண்டினால், சாயும்போது அவை பனியில் உரசி, விளிம்பின் பிடியை விடுவித்து ஆளைத் தள்ளிவிடும். இடைப்பகுதி 250 மில்லிமீட்டர் அளவில் உள்ள சாதாரணப் பலகை பலருக்குப் போதும். ஏறக்குறைய 29 சென்டிமீட்டர் பாதமும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 260 மில்லிமீட்டரை ஒட்டிய அகலப் பலகையையே நாட வேண்டியிருக்கும். பெண்களுக்கெனத் தனிப் பலகை அவசியமா என்ற வாதமும் இங்கேயே தீர்ந்துவிடுகிறது எனலாம். அவற்றின் இடை குறுகியதாகவும் வளைவு மென்மையாகவும் இருப்பது சிறிய பாதத்தையும் குறைந்த எடையையும் கருதியே. சிறிய பாதமும் இலேசான உடலும் உடைய ஓர் ஆணுக்கு அதே பலகை பொருந்துவதையோ, பெரிய பாதமுடைய பெண்ணுக்கு அது பொருந்தாமற் போவதையோ பெயர்ச்சீட்டு தடுக்கப்போவதில்லை.

கேம்பரும் ராக்கரும்

விவாதங்களுள் மிகச் சூடானது இதுவே. தட்டையான தரையில் வைத்தால் நடுப்பகுதி மேலெழுந்து, இரு முனைகளுக்கு அருகே மட்டும் தரையைத் தொடும் பலகை கேம்பர் எனப்படும். ஏறி நின்றதும் அது ஒரு வில்லைப் போல் அழுந்தி, பாரத்தை விளிம்பு முழுவதும் பரப்பித் தருகிறது. ஸ்கீ கட்டையிலிருந்து வழிவழியாக வந்த இவ்வடிவமே நெடுங்காலம் பெருவழக்காக இருந்தது. 2000-களின் நடுப்பகுதியில், வாஷிங்டன் மாநிலத்தில் லிப் டெக் பலகைகளைச் செய்துவரும் மெர்வின் நிறுவனம், இதைத் தலைகீழாக்கி, கால்களுக்கு நடுவே தாழ்ந்தும் முனைகளில் உயர்ந்தும் அமைந்த ராக்கர் வடிவத்தைப் பரப்பியபோது, கற்பவர்களின் துன்பம் தீர்ந்தது என்று பலர் முழங்கினார்கள்.

அந்தத் துன்பத்தின் தன்மையை அறிந்தால்தான் முழக்கத்தின் நியாயம் விளங்கும். சரிவின் கீழ்ப்பக்கம் நோக்கிய விளிம்பு, எதிர்பாராத ஒரு கணத்தில் பனியில் கொளுவிக்கொண்டால், பலகை நின்றுவிட, உடல் மட்டும் கீழ்நோக்கி வீசப்படுகிறது. இரு பாதங்களும் ஒரே பலகையில் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு காலை எடுத்து வைத்துத் தடுத்துக்கொள்ளவும் வழியில்லை. முதல் நாட்களின் கடுமையான வீழ்ச்சிகளில் பெரும்பங்கு இவ்வகையைச் சேர்ந்தது. ராக்கரில் முனைகள் பனியைவிட்டு உயர்ந்திருப்பதால் விளிம்பு கொளுவும் வாய்ப்புக் குறைகிறது. இதை ஏற்காத ஆசிரியர் அரியர்.

ஆட்சேபம் வேறிடத்திலிருந்து எழுகிறது. பிடி குறைந்த பலகையில் கற்பவர், விளிம்பில் நின்று வளைவை வெட்டிச் செல்வதற்குப் பதிலாக, பலகையைப் பக்கவாட்டில் இழுத்து வழுக்கியே இறங்கும் வழக்கத்தை அடைகிறார் என்றும், பின்னர் அதை மாற்றுவது எளிதன்று என்றும் கேம்பர் பட்சத்தார் கூறுகின்றனர். இரு தரப்பாரும் காட்டும் ஆதாரம் பெரும்பாலும் கற்பித்தவர்களின் அனுபவமே. அதை அலட்சியம் செய்வதற்கில்லை, ஆனால் அளந்து ஒப்பிட்ட பரிசோதனையின் ஸ்தானத்தை அதற்குத் தருவதும் முறையாகாது. பர்ட்டன் நிறுவனம், மலைப் பள்ளிகளுக்கென்றே விளிம்புகளைச் சற்று மேல்நோக்கித் திருப்பிய பலகைகளைச் செய்து, வளைவை மாற்றாமலும் அதே பயனைப் பெறலாம் என்று காட்டியிருப்பதை நோக்கினால், வாதத்தை இரண்டே வடிவங்களுக்குள் அடக்குவது குறுகிய நோக்கு என்றே படுகிறது. கால்களுக்கு அடியில் கேம்பரும் முனைகளில் ராக்கருமாகக் கலந்து செய்யும் வடிவங்களும், முற்றிலும் தட்டையானவையும் இன்று கடைகளில் நிறைந்திருப்பதற்குக் காரணம், இரு தரப்பிலும் ஓரளவு உண்மை இருப்பதே.

இங்கே ஒரு செய்தி போதிய அளவு வற்புறுத்தப்படுவதில்லை. விடை மனிதரை மட்டுமன்றி மலையையும் பொறுத்தது. சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை ஏந்திவந்து ஹொக்கைடோ தீவில் மென்பனியாகக் கொட்டுகிறது. அங்கே ராக்கரின் மிதப்பு ஒரு வரம். வெர்மான்டிலோ, பகலில் உருகி இரவில் உறையும் பனி பெரும்பாலும் பனிக்கட்டிக்கு நெருங்கியதாகவே இருக்கும். அங்கே பாதத்தின்கீழ் கேம்பர் இல்லாத பலகை, கற்பவரின் நம்பிக்கையையே குலைத்துவிடக் கூடும். எந்த மலையில் சறுக்கப்போகிறீர்கள் என்று கேளாமல் தரப்படும் பரிந்துரையை மதிக்க வேண்டியதில்லை.

பலகையின் பிற குணங்களைச் சுருக்கமாகக் கூறினால் போதும். மென்மையானது கற்க எளிது, விறைப்பானது வேகத்தில் உறுதி. ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்டு விறைப்பைக் குறிப்பது வழக்கமாயினும், அந்த அளவுகோல் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி. ஒருவரின் நான்கு மற்றவரின் ஆறாக இருக்கலாம். அடித்தளம் உருக்கி வார்த்ததாயின் விலை மலிவு, பழுதுபார்ப்பது சுலபம். தூளை அழுத்திச் செய்ததாயின் மெழுகை உட்கொண்டு விரைந்தோடும், ஆனால் அடிக்கடி மெழுகிடாவிட்டால் அந்த மேன்மை நிலைக்காது. ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் செல்பவர் பின்னதற்கு அதிகப் பணம் தருவதில் பெரும் நியாயம் இல்லை.

பூட்ஸும் பிணைப்பும்

பலகையைப் பற்றி முரண்படுவோரும் பூட்ஸைப் பற்றி ஒன்றுபடுகிறார்கள்: முதலில் வாங்க வேண்டியது அதுவே. பாதத்தின் அசைவு பலகையை எட்டுமுன் குதிகால் உள்ளே மேலெழும்பிவிட்டால், எவ்வளவு நல்ல பலகையும் சொற்படி கேளாது. கால் நீளத்தை மில்லிமீட்டரிலோ சென்டிமீட்டரிலோ அளந்து குறிக்கும் மாண்டோபாயின்ட் முறையே நம்பத்தக்கது. தெருக்காலணியின் எண்ணைக் கொண்டு வாங்குவோர் பெரும்பாலும் பெரிதாக வாங்கிவிடுகின்றனர். நிமிர்ந்து நிற்கையில் விரல்கள் முனையை மெல்லத் தொடவேண்டும். முழங்காலை மடக்கினால் சற்று விலக வேண்டும். புதிதில் இறுக்கமாகத் தோன்றுவது, உட்புறப் பஞ்சுத்தடிப்பு சில நாட்களில் அமுங்கியபின் சரியாகிவிடும். புதிதிலேயே சௌகரியமாக இருப்பது பின்னர் தளர்ந்துபோகும். பழைய நாடா, ஒரே இழுப்பில் இறுகும் நாடா, திருகைத் திருப்பினால் கம்பி இறுகும் போவா முறை ஆகியவற்றுள் எது சிறந்தது என்பது வழக்கத்தைப் பொறுத்த விஷயம். அவை மூன்றும் நன்கு பயன்படுகின்றன.

பிணைப்பைப் பற்றிய வரலாறு சற்று எச்சரிக்கை தருவது. குனிந்து வாரைக் கட்டும் தொல்லையை ஒழிக்க, 1990-களில் பல நிறுவனங்கள் மிதித்தாலே பூட்டிக்கொள்ளும் பிணைப்புகளைக் கொண்டுவந்தன. வாடகைக் கடைகள் அவற்றை விரும்பி ஏற்றன. ஆனால் பூட்டும் உலோகத்தைத் தாங்குவதற்காகப் பூட்ஸின் அடி விறைப்பாக்கப்பட்டதாலும், பூட்டுக்குள் பனி அடைத்துக்கொண்டதாலும், சில ஆண்டுகளில் அவை ஏறக்குறைய மறைந்தே போயின. 2017-இல் பர்ட்டன், விரற்பக்கம் இரண்டும் குதிகாலில் ஒன்றுமாக மூன்று இடங்களில் பிடிக்கும் புதிய அமைப்போடு அதே எண்ணத்தை மீண்டும் கொணர்ந்தது. இம்முறை வரவேற்பு நீடித்திருக்கிறது. எனினும், அவ்வமைப்பை வாங்குபவர் அதற்கென்றே செய்த பூட்ஸைத்தான் அணிய முடியும். ஆகவே பாதத்துக்கு மிகப் பொருந்தும் பூட்ஸ் அவ்வகையில் கிடைக்காதபோது, வசதிக்காகப் பொருத்தத்தைக் கைவிட நேர்கிறது. முதற்பூட்ஸ் வாங்குபவருக்கு அது உசிதமான பரிமாற்றமாகத் தோன்றவில்லை. பலகையில் திருகு அமையும் துளைகள் நான்கு சென்டிமீட்டர் சதுரமா, பர்ட்டனின் நீண்ட பள்ளமா என்பதைப் பிணைப்பு வாங்குமுன் பார்த்துக்கொள்வது அவசியம்.

மருத்துவர்களின் சாட்சியம்

இதுவரை கண்ட கருத்துகள் எல்லாம் அனுபவத்தின்மேல் நிற்பவை. எண்ணிக்கையோடு கூடிய சான்று கிடைப்பது காப்புகளின் விஷயத்தில்தான். ஸ்கீயில் முழங்கால் படும் பாட்டை, ஸ்னோபோர்டில் மணிக்கட்டுப் படுகிறது. விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. கால்கள் இரண்டும் கட்டுண்டிருக்கையில் ஊன்றுவதற்கு வேறெதுவும் இல்லை. நார்வேயில் 5,029 ஸ்னோபோர்டுக்காரர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மணிக்கட்டுக் காப்பு அணிவித்துச் செய்த பரிசோதனையின் முடிவு 2001-இல் வெளிவந்தது. காப்பு அணிந்தோரில் 8 பேருக்கும், அணியாதோரில் 29 பேருக்கும் மணிக்கட்டில் காயம் நேர்ந்தது. தொடக்கநிலையினருக்கே ஆபத்து மிகுதி என்பதும் இத்துறையின் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் செய்தி.

எதிர்வாதம் ஒன்று உண்டு: விறைப்பான காப்பு, அதிர்ச்சியை மணிக்கட்டிலிருந்து முன்கைக்கும் முழங்கைக்கும் தள்ளிவிடாதா என்பது. இயக்கவியல் நோக்கில் இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. காப்பின் நீளமும் விறைப்பும் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதில் அறிஞர்களிடையே வேற்றுமை நிலவியதும் இதனாலேயே. 2020-இல் இக்காப்புகளுக்கென ஐ.எஸ்.ஓ. 20320 என்னும் சர்வதேசத் தரம் வகுக்கப்பட்டபின், குறைந்தபட்சத் தகுதியேனும் நிர்ணயமாயிற்று. கேள்வி எஞ்சியிருப்பினும், பரிசோதனையின் நிகர விளைவு காப்பின் பக்கமே சாய்கிறது. இவ்வளவு மலிவான பொருள், இவ்வளவு தெளிவான சான்று இருந்தும், முதற்கொள்முதல் பட்டியல்கள் பலவற்றில் இடம்பெறாமல் போவது வருந்தத்தக்கது.

ஹெல்மெட்டைப் பற்றிய நிலையும் அத்தகையதே. நார்வேயின் மலைகளில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஹெல்மெட் அணிதல் தலைக்காய அபாயத்தை ஏறத்தாழ 60 சதவீதம் குறைப்பதாகக் கணித்தது. ஹெல்மெட் அணிந்தவர் அதை நம்பித் துணிந்து விரைவார் என்ற ஐயத்தைப் பிற்கால ஆய்வுகள் பொதுவாக ஆதரிக்கவில்லை. ஜப்பானிய மருத்துவர்கள், சாதுவான சரிவிலேயே கற்பவர் மல்லாக்க விழுந்து பிடரியில் அடிபடுவதைக் குறித்து எழுதியிருப்பதால், மெதுவாகச் செல்பவருக்கு ஹெல்மெட் வேண்டாம் என்ற வாதமும் நிற்பதற்கில்லை. ஐரோப்பிய இ.என். 1077, அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். எஃப்2040 ஆகிய தரங்களுள் ஒன்றேனும் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

உடை விஷயத்தில் பேதம் மிகக் குறைவு. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே தங்கும் பருத்தியைத் தவிர்த்து, உடலோடு ஒட்டி மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ அணிந்து, மேலே நீர் புகாத அங்கி உடுத்துவதே யாவரும் சொல்வது. நீர்த் தடுப்பு 10,000 மில்லிமீட்டர் என்று குறித்த துணி சாதாரண நாட்களுக்குப் போதும். கற்பவர் பனியில் உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகமாதலின், சட்டையைவிடக் கால்சட்டையின் தரத்திலேயே கவனம் செலுத்துவது நல்லது.

வாடகையா, விலையா?

முதல் நாளே அனைத்தையும் வாங்குக என்போர், பழகிய பொருளில் கற்பதே விரைவு என்கின்றனர். வாடகையே போதும் என்போர், மூன்றாம் நாளில் ஆர்வம் குன்றிவிடக்கூடும் என்றும், கற்கக்கற்கத் தேவை மாறும் என்றும் சொல்கின்றனர். இரண்டுக்கும் இடையே, பூட்ஸ், ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு ஆகியவற்றைச் சொந்தமாக்கிக்கொண்டு, பலகையையும் பிணைப்பையும் சில காலம் வாடகைக்கு எடுத்துப் பலவிதமாகப் பரீட்சித்துப் பார்ப்பது என்ற வழி இருக்கிறது. பிறர் காலுக்கு அமுங்கிப்போன பூட்ஸே வாடகைப் பொருள்களுள் மிக மோசமானது என்பதாலும், பலகையின் வடிவத்தைப் பற்றிய சந்தேகம் ஏறி நின்று பார்த்தாலன்றித் தீராது என்பதாலும், இவ்வழியே கட்டுரையாளருக்கு ஏற்புடையது. பழைய பலகை வாங்குவதில் தவறில்லை. விளிம்பில் வெடிப்போ, அடுக்குகளுக்கிடையே பிளவோ இல்லாதிருக்க வேண்டும். ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்கலாகாது. முன்பு பட்ட அடியின் தடம் வெளியே தெரியாமலிருக்கும்.

இன்னும் தீராதவை

ஆகத் தீர்ந்தவை இவை: பூட்ஸின் பொருத்தம் முதன்மையானது, நீளத்தை எடையும் அகலத்தைப் பாதமும் முடிவுசெய்யும், மணிக்கட்டுக்கும் தலைக்கும் காப்பு வேண்டும். தீராதவற்றுள் தலையாயது, கற்பவருக்குரிய வளைவு எது என்பது. மணிக்கட்டுக் காப்புக்குச் செய்தது போலவே, மலைப் பள்ளிகளில் சேருவோரைக் குலுக்கல் முறையில் பிரித்து வெவ்வேறு வடிவப் பலகைகளில் கற்பித்து, வீழ்ச்சிகளையும் முன்னேற்றத்தையும் எண்ணிப் பார்ப்பது இயலாத காரியமன்று. பள்ளிகளிடம் பலகைகளும் உண்டு, ஒவ்வொரு வாரமும் புதிய மாணவரும் உண்டு. விறைப்புக்குப் பொது அளவுகோல் வகுப்பதற்கு நிறுவனங்களின் இசைவு தேவை. தம் எண்ணைப் பிறர் எண்ணோடு ஒப்பிடவிடுவதில் அவற்றுக்கு உடனடி ஆதாயம் இல்லையாதலால், அது விரைவில் நிகழும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இரு பாதங்களையும் வெளிநோக்கித் திருப்பி நிற்கும் இன்றைய வழக்கமும், இரண்டையும் முன்னோக்கிச் சாய்த்து நிற்கும் பழைய வழக்கமும் முழங்காலுக்கு எவ்வாறு வேறுபடுகின்றன என்பதிலும் ஆசிரியர்களின் கருத்து இரண்டுபட்டே நிற்கிறது. இது தீரும்வரை, பிணைப்பின் கோணத்தைத் திருகாணி கொண்டு மாற்றத்தக்கதாகச் செய்திருப்பதே வாங்குபவருக்குக் கிடைக்கும் விடை. அவர் அதைத் தம் முழங்கால் சொல்வதைக் கேட்டே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.